ஷிஃப்ட் பார்த்த செடிகள்

பிடுங்கிய பற்கள் கிடக்க வேண்டிய எவர்சில்வர் தட்டில் ஏழு மீன்கள் கிடந்தன.

"வரிசையா படுக்க வெச்சிருக்கீங்களே டாக்டர், எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று கேட்டான் ஊசி.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் மட்டும் திரும்பி ஊசியை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பு ஊசிக்குப் பழக்கமானது. உடம்பும் வாயும் ஒரே அளவுக்குக் கூர்மை என்பதால் அவனுக்கு ஊசி என்று பெயர் வந்தது. அவனுடைய அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காகத் துப்பறிவாளர் அவனை உதவியாளனாகச் சுமந்துகொண்டு திரிந்தார். அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றே அழைத்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே லிஃப்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்.

"நடுவுல பெரிசா இருக்கே, அதுதான் சேர்மன்" என்றார் டாக்டர். "டிஸ்கஸ் மீன். நான் ரூமுக்குள்ள வந்தா கண்ணாடிகிட்ட வந்து நிப்பான். பேஷன்ட்டுங்க பயத்தை மறக்கறதே இவனைப் பார்த்துத்தான்."

"மறந்துட்டு உள்ள வருவாங்க. நீங்க ஞாபகப்படுத்துவீங்க" என்றான் ஊசி.

"மாப்ளே!" என்றார் சந்தேகம்.

ஊசி வாயை மூடிக்கொண்டு அறையைப் பார்த்தான். எட்டு நாற்காலிகள் போட்ட காத்திருப்பு அறை. சுவரை ஒட்டி ஆளுயரத்துக்குப் படுத்த மாதிரி ஒரு மீன்தொட்டி. அதில் மிச்சமிருந்த நான்கு மீன்கள் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மூலை மேஜையில் டாக்டரின் மனைவி அப்பாயின்ட்மென்ட் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்ட ஒருவர், வாளியோடு சேர்ந்து இன்னொரு வாளி போல நின்றார். ஊர்க் கிளினிக்குகளின் மீன்தொட்டிகளைக் கழுவும் தொட்டிக்காரர்.

"இவர்தான் ஆள்" என்றார் டாக்டர். "நேத்து சாயங்காலம் தொட்டியைச் சுத்தம் பண்ணிட்டுப் போனார். காலையில ஏழு பிணம். போன மாசம் லேட்டா வந்தார்னு பேஷன்ட் எதிரிலேயே திட்டினேன். அந்தக் கடுப்புல ஏதோ ஊத்திட்டுப் போயிருக்கார். இவர் கழுவற மத்த ஆறு கிளினிக்குக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். நாலு மணிக்கு உங்க ரிப்போர்ட்டை அனுப்பறேன்னும் சொல்லியிருக்கேன். பெரிசா ஒண்ணும் எழுத வேண்டாம். 'விஷம்'னு ஒரு வரி போதும். ஆறு பேரும் இவரை நிறுத்திடுவாங்க."

தொட்டிக்காரர் டாக்டரைப் பார்க்காமல் சந்தேகத்தைப் பார்த்தே பேசினார். "பதிமூணு வருஷமா தொட்டி கழுவறேன் சார். இந்த ஏழு இடம்தான் என் பொழப்பு. அந்த ஒரு வரியை நீங்க எழுதிட்டா, வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்கார வேண்டியதுதான்."

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"கால்வாசித் தண்ணி மாத்தினேன். கண்ணாடியைத் துடைச்சேன். அடியில இருக்கற சரளைக் கல்லைக் கிளறி அழுக்கை உறிஞ்சினேன். அவ்வளவுதான் சார்."

சந்தேகம் சட்டைக் கையைச் சுருட்டினார். தண்ணீருக்குள் கையை விட்டு, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு செடியைப் பிடுங்கி எடுத்தார். வேரிலிருந்து அழுகிய முட்டைகோஸ் வாடை குப்பென்று வந்தது. இன்னொரு கையால் ரிப்பன் போல நீண்ட புல் ஒன்றைப் பிடுங்கினார். இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தார்.

"மாப்ளே, என்ன தெரியுது?"

"உங்க சட்டை நனையுது. வீட்டுக்குப் போனா அக்கா என்னைத்தான் கேக்கும்."

"செடியைப் பாருடா."

ஊசி பார்த்தான். ரிப்பன் புல் ஈரத்துணி போல மணிக்கட்டின் மேல் தொங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டுச் செடியோ ஸ்கூல் அணிவகுப்பில் நிற்கும் மானிட்டர் மாதிரி விறைப்பாக நின்றது.

"தண்ணிக்குள்ளயே பொறந்து வளர்ற செடிக்கு முதுகெலும்பு தேவையில்லை. தண்ணியே தூக்கி நிறுத்திடும். வெளியில எடுத்தா துவண்டுடும்" என்றார் சந்தேகம். "இது பாரு, காத்துல தானா நிக்குது. இது தரையில வளர்ற செடி. தொட்டியில மண்ணு போட்டு வரவேற்பறையில வைப்பாங்களே, அந்த ஜாதி. இதைத் தண்ணிக்குள்ள முக்கினா ஒரு வாரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் வேர்லேருந்து அழுகும். அழுகினது கல்லுக்கடியில சேரும். நேத்து இவர் கல்லைக் கிளறினதும் மொத்த அழுகலும் மேல வந்துடுச்சு. விஷம்தான் டாக்டர். ஆனா ஊத்தினது இல்லை, நட்டது."

"நட்டதும் இவர்தானே!" என்றார் டாக்டர், விடாமல்.

"நான் ரிப்பன் புல்லே போதும்னுதான் சார் சொன்னேன்" என்றார் தொட்டிக்காரர். "பெரிய கடையில புது ரகம் வந்திருக்கு, அங்கதான் வாங்கணும்னு இங்கேருந்துதான் சொன்னாங்க. நீர்த்தாவரம்னு லேபிள் ஒட்டியிருந்தது. சந்தேகமாத்தான் இருந்தது. ஆனா ஆறு மாசமா ஒரு இலைகூடப் பழுக்கல. அதனால நம்பிட்டேன். சில வாரம் நான் நட்ட இடத்துல செடி இருக்காது, ரெண்டு அங்குலம் தள்ளி இருக்கும். மீன் தள்ளிவிட்டுடுச்சுன்னு நெனைச்சேன். மூணு வாரமாத்தான் பழுக்குது."

சந்தேகத்தின் புருவம் ஏறியது. சில வாரத்தில் சாக வேண்டிய செடி ஆறு மாதம் எப்படி இருந்தது? "மூணு வாரத்துக்கு முன்னாடி இங்க என்ன மாறிச்சு டாக்டர்?"

"ஒண்ணும் மாறல."

டாக்டரின் மனைவி அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டினார்.

சந்தேகம் வேரை உற்றுப் பார்த்தார். அடியில் ஒரு மஞ்சள் ரப்பர் வளையம் சுற்றியிருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொட்டிக்காரரைப் பார்த்து, "இந்தக் கோடு போட்டதை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, தண்ணியை மாத்துங்க. மிச்சம் நாலையாவது காப்பாத்துவோம்" என்றார்.

"நான் கை வெக்கலாமா?" என்று கேட்டார் தொட்டிக்காரர், டாக்டரிடம்.

டாக்டர் தட்டில் கிடந்த சேர்மனைப் பார்த்தார். தொட்டியில் தவித்த நான்கு பேரைப் பார்த்தார். "வைங்க" என்றார் வேண்டா வெறுப்பாக.

* * *

வண்ணமீன் கடை நீளமாக, இருட்டாக, குமிழிச் சத்தத்தோடு இருந்தது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகத் தொட்டிகள். கடைசியில் செடிகளுக்கென்று மட்டும் ஆறு தொட்டிகள். லேபிள்களை ஊசி உரக்கப் படித்தான்.

"'அமேசான் வெள்ளிக்கோடு.' 'நீர் ராணி.' 'மூழ்கும் மூங்கில்.' மூழ்கும்னு போட்டிருக்காங்க மாமா, பிழைக்கும்னு போடலை. நேர்மையான கடைதான்."

கடை முதலாளி கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எல்லாம் தண்ணிக்குன்னே பொறந்ததுங்க சார். வீட்டுக்கா, ஆபீசுக்கா?"

"வீட்டுக்கு" என்றான் ஊசி. "எங்க மாமா பேச்சைக் கேட்டுக் கேட்டு வீட்டுல எல்லாச் செடியும் வாடிடுச்சு. தண்ணிக்குள்ள வெச்சா காது கேக்காதுல்ல?"

முதலாளி பலமாகச் சிரித்தார். சந்தேகம் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்திருந்தார். "ஒரு நத்தையைக்கூடக் காணோமே."

"சுத்தம் சார்! எங்க கடை அப்படி."

"பாசி?"

"ஒரு பொட்டு இருக்காது."

"பக்கத்துத் தொட்டியில மீனுக்கு முதுகுலயே பாசி இருக்கு" என்றான் ஊசி. "செடிங்க மட்டும் இப்பத்தான் பியூட்டி பார்லர்லேருந்து வந்த மாதிரி இருக்கே?"

முதலாளி சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சந்தேகம் ஒரு செடியைச் சுட்டினார். எல்லாச் செடிகளின் அடியிலும் ரப்பர் வளையம் தெரிந்தது. எல்லாமே சிவப்பு.

"இதுல ரெண்டு குடுங்க."

"இன்னிக்கு வியாழக்கிழமை சார். சிவப்பு வேண்டாம். பன்னெண்டு மணிக்கு மேல வாங்க, மஞ்சள் வந்துடு..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மஞ்சள் வந்துடுமா? எங்கேருந்து?" என்றார் சந்தேகம் அப்பாவியாக.

"அதாவது... புது ஸ்டாக்."

"சரி, மதியம் வர்றோம்."

வெளியே வந்ததும் சந்தேகம் ஊசியின் தோளைப் பிடித்துத் திருப்பி, கடையின் பின்பக்கச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாமா, நீங்க பேசாம இருக்கும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"புரியலையாடா? தரைச் செடி தண்ணிக்குள்ள இருந்தா வெளுத்துப்போகும். இந்தக் கடையில மட்டும் ஏன் வெளுக்கல, நத்தை, பாசிகூட ஏன் ஒட்டல? வாரத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்தறாங்க. சிவப்பு ஒரு வாரம் தண்ணியில. அப்புறம் எங்கேயோ போய் மண்ணுல கால் நீட்டி ஓய்வெடுக்கும். மஞ்சள் டூட்டிக்கு வரும்."

"செடிக்கு ஷிஃப்ட்டா! எனக்கே நீங்க வார லீவு குடுக்கறதில்லை."

சொல்லி வைத்தாற்போல ஒரு மூடிய வேன் வந்து பின்வாசலில் நின்றது. டிரைவர் நாலு பிளாஸ்டிக் தட்டுகளை உள்ளே கொண்டுபோனார். மஞ்சள் வளையம். நாலு தட்டுகளை வெளியே கொண்டுவந்தார். சிவப்பு வளையம், தண்ணீர் சொட்டச் சொட்ட. கதவைச் சாத்தினார்.

"ஏறு வண்டியில" என்றார் சந்தேகம்.

* * *

ஸ்கூட்டரில் பின்தொடர்வதில் சந்தேகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்னால் போகும் வண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். சிக்னல் பச்சையானாலும் உடனே நம்பமாட்டார்.

"அது பச்சைதான் மாமா! வெள்ளைக் கோடு ஒண்ணும் இல்லை, கிளம்புங்க!" என்று பின்னாலிருந்து ஊசி கத்தினான்.

வேன் பாலத்தைச் சுற்றியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. ஊருக்கு வெளியே ஏதாவது நர்சரிக்குப் போகும் என்று ஊசி எதிர்பார்த்தான். வேன் ஊருக்குள்ளேயே திரும்பி, திரும்பி, கடைசியில் ஒரு குறுகிய சந்தில் நின்றது. இரும்பு மாடிப்படி ஒன்று சுவரோரம் மேலே ஏறியது. டிரைவர் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஊசி சுவரைப் பார்த்தான். சன்னலில் சிரிக்கும் பல் படம் ஒட்டியிருந்தது. பின்பக்கமாகப் பார்த்ததால் அந்தப் பல் கோணலாகச் சிரித்தது.

"மாமா... இது காலையில நாம உக்காந்திருந்த கிளினிக்."

"தெரியுது."

"பின்வாசல்."

"அதுவும் தெரியுதுடா. ஏறு."

மொட்டை மாடி முழுக்கப் பச்சை வலைக் கூரை. அதன் கீழே நூற்றுக்கணக்கில் மண்தொட்டிகள், நாலு வரிசையாக. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு அட்டை: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது. எந்த நிறம் எந்த வாரம் எந்தக் கடை என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது.

"பஸ் டிப்போ தோத்துது" என்றான் ஊசி.

அட்டவணைக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு வாலிபர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வலது கன்னம் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தது போல வீங்கியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். "யாரு நீங்க? இது தனியார் இடம்."

"செடி வாங்க வந்தோம்" என்றார் சந்தேகம். "தரையில வைக்கறதா, தண்ணியில வைக்கறதான்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

வாலிபர் பதில் யோசிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டரின் மனைவி கையில் மூடிய கிண்ணத்தோடு வந்தார். தலை நிமிராமலே பேசிக்கொண்டு வந்தார். "சூப்பை ஆறவெச்சுக் கொண்டாந்திருக்கேன்டா தம்பி, அந்தப் பக்கமா வெச்சு உறிஞ்சு. அக்கா சொல்றதைக் கேளு, கீழே போய் ஒரு தடவை வாயைத் திறந்து காட்டிட்டா..."

நிமிர்ந்தார். துப்பறிவாளரைப் பார்த்தார்.

ஊசிக்கு நெஞ்சில் யாரோ குத்தியது போலிருந்தது. அக்காவின் தம்பி. டாக்டரின் மச்சான். தன் இனம்!

"உங்க வீட்டுக்காரருக்கு இந்தத் தோட்டம் தெரியுமாம்மா?" என்று கேட்டார் சந்தேகம்.

"எனக்குப் பொழுதுபோக்குக்குன்னு நெனைச்சுட்டிருக்கார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். தம்பி செடி வியாபாரம் பண்றான். ஆபீஸ், ஹோட்டல்னு வாடகைக்கு அனுப்புவான். திரும்பி வர்றதெல்லாம் களைச்சுப்போய் ஈரமா வரும். நான்தான் தண்ணி ஊத்தித் தேத்தறேன்." அவர் சிவப்புத் தட்டுகளைப் பார்த்தார். "ஏண்டா, ஹோட்டல்லேருந்து வர்ற செடிக்கு ஏன் மீன் வாடை அடிக்குது?"

தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னம் எத்தனை நாளா?" என்றார் சந்தேகம்.

"மூணு வாரமா" என்றார் அக்கா, அவருக்குப் பதிலாக. "கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியே ஆகணும்னு இவர் நாள் குறிச்சுக் குடுத்தார். அன்னிலேருந்து கிளினிக் பக்கமே தலை வெச்சுப் படுக்கமாட்டேங்கறான். பின்பக்கமா மாடி ஏறி, பின்பக்கமாவே ஓடறான்."

சந்தேகம் மெதுவாகச் சிரித்தார். ஊசி அந்தச் சிரிப்பை வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான்.

"மாப்ளே, ஆளைத் தூக்கு. இவரை விசாரிக்கறதுக்குச் சரியான நாற்காலி கீழே இருக்கு."

* * *

பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு மகிமை உண்டு. சாய்ந்தவுடன் மனிதன் பாதி குற்றத்தை மனதுக்குள் ஒப்புக்கொண்டுவிடுகிறான். தம்பி சாய்ந்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. டாக்டர் ஒன்றும் புரியாமல், பழக்கதோஷத்தில் குறடைக் கையில் எடுத்தார்.

"சொல்லிடறேன்!" என்று அலறினார் தம்பி. "அத்தான், அதைக் கீழே வைங்க, சொல்லிடறேன்!"

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே" என்றார் டாக்டர்.

தம்பி மூச்சு விடாமல் கொட்டினார். தரைச் செடியை நீர்த்தாவரம் என்று லேபிள் ஒட்டி விற்பதும், கடைகளில் வெளுக்காமல் இருக்க வாரா வாரம் மாற்றுவதும் அவர் ஏற்பாடுதான். வாங்கிப் போனவர்கள் வீட்டில் அழுகினால் 'தண்ணீர் சரியில்லை' என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அக்காதான் பாசத்தில் கெடுத்தார். தம்பிக்கு வேண்டியவர் கடை என்று தெரிந்ததும், தொட்டிக்காரரை அங்கே போய் வாங்கச் சொல்லிவிட்டார்.

"வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஏன்னு கேப்பா. அதான் நானே வியாழக்கிழமை மத்தியானம், நீங்க சாப்பிடப் போற நேரத்துல, அக்கா சாவியை எடுத்துக்கிட்டு வந்து தொட்டியில செடியை மாத்திடுவேன். ஆறு மாசம் ஒரு மீனுக்கு ஜுரம்கூட வரலை அத்தான்! மூணு வாரமா... இந்த நாற்காலி இருக்கற வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல."

காத்திருப்பு அறையில் தொட்டிக்காரர் வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான் குலத்துக்கே அவமானம்" என்றான் ஊசி உண்மையான வருத்தத்தோடு. "நாங்க சும்மா உக்காந்து சாப்பிடுவோம். அதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரைமுறை இருக்கு."

டாக்டர் குறடை வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. சந்தேகத்தைத் தனியாக ஒதுக்கி, குரலைத் தாழ்த்தினார். "சார், இது குடும்ப விஷயம். நாலு மணிக்கு ஆறு பேர் ரிப்போர்ட்டைப் பார்ப்பாங்க. 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிடுங்களேன். தொட்டிக்காரரையும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வேலையில தொடரட்டும்."

கதவருகில் தொட்டிக்காரர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"காரணம் தெரியலைன்னா காரணம் நான்தான் சார்" என்றார். "ஆறு பேர் காதுலயும் நீங்க என் பேரைத்தானே போட்டிருக்கீங்க. அது அங்கேயே கிடக்கும். நாளைக்கு ஒரு மீன் இருமினாக்கூட என்னைத்தான் பார்ப்பாங்க."



"நான் எழுதியாச்சு" என்றார் சந்தேகம், ஒரு தாளை நீட்டி. "ரெண்டு வரி. செடி பேரும், வித்தவர் உறவும். மாத்தறதா இல்லை."

டாக்டர் தாளை வாங்கவில்லை. அவருடைய மனைவி வாங்கினார். படித்தார். நாற்காலியில் கிடந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாயின்ட்மென்ட் மேஜைக்குப் போய், போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா!" என்றார் தம்பி.

"வாயைத் திறந்தே வெச்சுக்க. அவர் பல்லைப் பார்க்கட்டும்" என்றார் அக்கா.

முதல் கிளினிக். "டாக்டர், காலையில எங்க வீட்டுக்காரர் சொன்னது தப்பு. தொட்டிக்காரர் மேல ஒரு குத்தமும் இல்லை. எங்க மீனைக் கொன்னது என் கூடப்பொறந்தவன்." இரண்டாவது. மூன்றாவது. குரல் ஒரு தடவைகூட உடையவில்லை. நாலாவது கிளினிக்கின் டாக்டர் கேட்டார்: "எங்க தொட்டியிலயும் அந்தக் கோடு போட்ட செடிதானே இருக்கு?"

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். வாய் திறந்திருந்ததால் தம்பியால் பேச முடியவில்லை. ஒரு கையை முழுதாக விரித்துக் காட்டினார். பிறகு இன்னொரு கையில் ஒரு விரலை.

"ஆறு இடத்துலயுமா?" என்றான் ஊசி.

"தெரிஞ்சவங்க கிளினிக் ஆச்சேன்னு அக்காதான் அங்கேயும் சொல்லிவிட்டிருக்கா" என்றார் தம்பி, வாயை மூடி. "அங்கேயும் நான்தான் போய் மாத்துவேன். முகம் வீங்கினதுலேருந்து எங்கேயும் போகலை."

தொட்டிக்காரர் அதற்குள் வாளியையும் ரப்பர்க் குழாயையும் எடுத்திருந்தார். "மூணு வாரம் ஆச்சுன்னா எல்லாம் இன்னிக்கே அழுகிட்டு இருக்கும். யாரும் கல்லைக் கிளறாம இருக்கச் சொல்லுங்கம்மா. நான் போய் எடுத்துடறேன்."

"இருங்க, என் கார்லயே போயிடலாம்" என்றார் டாக்டர். "நானே கொண்டுபோய் விடறேன்."

"விட்டாப் போதாது சார்." தொட்டிக்காரர் குரலை உயர்த்தவில்லை. "போன்ல அம்மா சொல்லிட்டாங்க, சரி. காலையில என் பேரைச் சொன்னது நீங்க. ஆறு இடத்துலயும் உள்ள வந்து, உங்க வாயால சொல்லணும். நான் தொட்டிக்குள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அன்றைய நோட்டில் மீதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக நாளைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். வெறுங்கையோடு நின்றார்.

"நான் எதையாவது எடுத்துட்டு வரட்டுமா?"

"குழாய் என்கிட்ட இருக்கு" என்றார் தொட்டிக்காரர், வாளியை அவர் பக்கம் நகர்த்தி. "இதைத் தூக்குங்க. தளும்பாம."